மைக்ரோவேவில் வெந்நீர்

என் மாமியாருக்கு மைக்ரோவேவ் என்றாலே கதிர்வீச்சு பயம். "கதவைத் திறந்ததும் அலை நின்றுவிடும் அத்தை, தண்ணீரில் எதுவும் தங்காது" என்று சொல்லிப் பார்த்தாகிவிட்டது.

எனக்குப் பயம் வேறு. கொதிக்காத மாதிரி பாவனை செய்யும் தண்ணீர். வழுவழுப்பான கண்ணாடி டம்ளரில் குமிழி உருவாக இடம் கிடைக்காது; 100 டிகிரியைத் தாண்டியும் தண்ணீர் சும்மா நிற்கும். சர்க்கரையையோ டீ பையையோ போட்டால் மொத்தமும் குப்பென்று பொங்கி முகத்தில் தெறிக்கும். ஏற்கெனவே கொதித்து ஆறிய தண்ணீர் இன்னும் மோசம். அதில் கரைந்திருந்த காற்று பெரும்பாலும் போயிருக்கும்.

அதனால் டம்ளரில் குல்ஃபி மரக்குச்சி ஒன்றைப் போட்டுத்தான் சூடாக்குகிறேன். அப்புறம் ஒரு நிமிடம் தொடுவதில்லை. அதுவரைகூடப் பொறுக்காத என் கணவர் கெட்டில் வாங்கிக்கொள்ளட்டும்.