யாழ்ப்பாணத்துக் கேள்வி, மதுரைத் தாழ்ப்பாள்

வெளிநாட்டுப் பள்ளியோடு சேர்ந்து மாணவர் நலனுக்கு ஒரு திட்டம் என்றதும் பல பள்ளிகள் முதலில் செய்வது வீடியோ கால். ஒரு வணக்கம், ஒரு பாட்டு, ஒரு நடனம், கடைசியில் குழுப்படம். அடுத்த மாதம் யாருக்கும் எதுவும் நினைவிருக்காது. மதுரைப் பக்கம் இந்த வேலையைத் தொடங்கும் ஆசிரியர்களிடம் நாங்கள் சொல்வது, முதல் இரண்டு மாதம் அந்த வீடியோ காலே வேண்டாம் என்பதுதான். பிள்ளைகள் முதலில் தங்கள் பள்ளியைத் துருவிப் பார்க்கட்டும்.

டென்மார்க்கில் 1990-களில் பியார்னே ப்ரூன் யென்சன் என்ற கல்வியாளர் வகுத்த நான்கு படிகள் இதற்கு நன்றாகப் பொருந்துகின்றன: ஆராய்வது, எப்படி இருக்க வேண்டும் என்று யோசிப்பது, செயலில் இறங்குவது, என்ன மாறியது என்று பார்ப்பது. நான்கிலும் பிள்ளைகளே முன்னால் நிற்க வேண்டும். இங்கே வழக்கமாகச் சறுக்குவது முதல் படியிலேயே. தலைப்பை ஆசிரியர் முடிவு செய்துவிடுவார். அக்டோபர் 15 கை கழுவும் நாள் என்பதால் கை கழுவுதல் என்று போர்டில் எழுதியாயிற்று. அப்புறம் பிள்ளைகள் செய்வதெல்லாம் சார்ட் ஒட்டும் வேலைதான்.

எட்டு, ஒன்பதாம் வகுப்பில் 24 பேர் போதும், ஆறு பேராக நான்கு குழு. பத்தாம் வகுப்பைத் தொட வேண்டாம், பொதுத்தேர்வு விழுங்கிவிடும். ‘உங்கள் பள்ளியில் என்ன பிரச்சினை?’ என்று கேட்டால் ‘மரம் வளர்க்க வேண்டும்’ என்று டீச்சருக்குப் பிடித்ததை எழுதுவார்கள். ‘பள்ளியில் எந்த இடத்துக்குப் போகப் பிடிக்காது? எந்த நேரம் பிடிக்காது?’ என்று கேளுங்கள். பெயர் எழுதாத சீட்டு, பூட்டிய பெட்டி, இரண்டு நாள் அவகாசம். வந்ததை வகைபிரித்து, வகைக்கு ஒரு தாளில் எழுதி வைத்து, ஆளுக்கு மூன்று புளியங்கொட்டை கொடுத்து வாக்கெடுப்பு. எந்தத் தாளின் மேல் கொட்டை குவிகிறதோ அதுதான் இந்த ஆண்டுக் கேள்வி.

ஒரு எச்சரிக்கை. அந்தப் பெட்டியைப் பிள்ளைகள் முன்னால் திறக்கக் கூடாது. அன்றன்று மாலையே இரண்டு ஆசிரியர்கள் சேர்ந்து படித்துவிட வேண்டும். வீட்டில் விழும் அடி, யாரோ தொட்டது போன்ற செய்தி ஒரு சீட்டில் இருக்கலாம். அது திட்டத்துக்கான தரவு அல்ல, எல்லை தாண்டவும் கூடாது. 2012 போக்சோ சட்டப்படி பிள்ளைகள் மீதான பாலியல் குற்றம் பற்றித் தெரிந்தவர் புகார் தந்தே ஆக வேண்டும். குழந்தைகள் உதவிக்கு அழைக்கும் எண் இங்கே 1098, இலங்கையில் 1929, இரண்டு எண்களையும் முதல் நாளே பிள்ளைகளின் நோட்டில் எழுதச் சொல்லிவிடுங்கள்.

மதுரையில் மாணவிகளின் புளியங்கொட்டை பெரும்பாலும் குவிவது ‘கழிப்பறை’ என்று எழுதிய தாளில். அதை அளக்கச் சொன்னால்தான் விஷயம் பிடிபடும். 210 மாணவிகள், 6 கழிப்பறை, 10 நிமிட இடைவேளை என்று வையுங்கள். ஒருவருக்கு 2 நிமிடம் என்றால் ஓர் இடைவேளையில் 30 பேர்தான் போய்வர முடியும். மீதி 180 பேர் என்ன செய்கிறார்கள்? அதற்கு இன்னோர் அளவை. ஒரு லிட்டர் பாட்டிலில் 100 மில்லிக்கு ஒரு கோடு மார்க்கரால் போட்டு, மாலை மணி அடிக்கும்போது எவ்வளவு மிச்சம் என்று ஒரு வாரம் குறிக்க வேண்டும். பங்குனி வெயிலிலும் பாதி பாட்டில் அப்படியே வீடு திரும்புவது அப்போதுதான் கண்ணில் படும்.

இதற்குப் பிறகுதான் கடலைத் தாண்ட வேண்டும். முதல் துணைக்கு நாங்கள் சொல்வது யாழ்ப்பாணம் அல்லது மட்டக்களப்புப் பள்ளி. ஒரே மொழி, கடிகாரமும் ஒன்று. அங்கே பள்ளி காலை ஏழரைக்குத் தொடங்கி ஒன்றரைக்கு முடிந்துவிடும், ஆகவே பத்திலிருந்து ஒன்று வரை இருபக்கமும் வகுப்பில் இருப்பார்கள். அவர்களுக்கு ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பரில் விடுமுறை, நமக்கு மே முழுக்க, செப்டம்பர், டிசம்பரில் தேர்வு. இதையெல்லாம் கழித்தால் ஜூன் கடைசியும் ஜூலையும், பொங்கல் கழிந்த ஜனவரியும் பிப்ரவரியும்தான் நன்றாகக் கிடைக்கும்.

கண்டதைப் படமாகவும் கணக்காகவும் ஏ3 தாளில் எழுதி, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஆசிரியர் போன் வழியாக மட்டும் அனுப்ப வேண்டும். பிள்ளைகளின் எண்கள் கைமாறக் கூடாது. முகம் தெரியும் படம் வேண்டாம். தலைமையாசிரியர், பெற்றோர், முதன்மைக் கல்வி அலுவலர் ஒப்புதல் எழுத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு தாளுக்கும் அதைப் பெற்ற பள்ளி இரண்டே கேள்விகள் அனுப்பலாம். ‘ஏன் உங்கட பிள்ளையள் தண்ணி குடிக்கேல்ல?’ என்று ஒரு வரி வந்தால் போதும். நம்மிடம் அந்தக் கேள்விக்கு ‘எப்பவும் இப்படித்தான்’ என்று பதில் தயாராக இருக்கும். தெரியாத ஊரில் இருக்கும் பிள்ளைக்கு அப்படி எழுதி அனுப்ப முடியாது. காரணம் தேடிப் போய்த்தான் ஆக வேண்டும். எல்லை தாண்டுவதன் முழுப் பயனும் இதில்தான் இருக்கிறது என்பது எங்கள் முடிவு.

தேடிப் போனால் கழிப்பறைத் தாழ்ப்பாள் வரும். கதவு பிவிசி, உள்ளே வெற்று. மரத்துக்கான ஸ்க்ரூவை அதில் முடுக்கினால் மூன்று மாதத்தில் ஓட்டை பெரிதாகித் தாழ்ப்பாள் ஆடும், ஈரத்தில் துருவும் ஏறும். ஆகவே ஒரு தோழி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பிடிக்க ஆள் இல்லாதவள் தண்ணீர் குடிக்க மாட்டாள். தீர்வு, கதவின் ஒருபக்கமிருந்து மறுபக்கம் வரை போகும் துருப்பிடிக்காத போல்ட், இருபுறமும் அகல வாஷர், நட்டு. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது பிள்ளைகளை நிறுத்தி அளந்தால்தான் தெரியும். இந்தப் பட்டியலைப் பிள்ளைகளே பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வாசிக்கட்டும். குழுவில் பெற்றோர்கள்தான் பெரும்பான்மை, அவர்களிலும் தாய்மார் நிறைய. இதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்காது. வகுப்புக்கு வகுப்பு இடைவேளையை மாற்றி விடுவதற்குக் காசே தேவையில்லை, தலைமையாசிரியர் ஒப்புக்கொண்டால் போதும்.

யோசனைகளும் எல்லை தாண்டி வரும். கேரளத்தில் 2019-ல் தண்ணீர் குடிப்பதற்கென்றே பள்ளிகளில் மணி அடிக்கத் தொடங்கினார்கள். பிள்ளைகளுக்கு அது உடனே பிடித்துப்போகும். ஆனால் தாழ்ப்பாளைச் சரிசெய்யாமல் மணி மட்டும் அடித்தால் பாட்டில் வாய்க்குப் போகும், தண்ணீர் குறையாது.

இன்னொன்று, இதில் அவசரமே கூடாது. ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் முகாம்களிலிருந்து வரும் ஈழத்துப் பிள்ளைகள் நம் வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். ‘நீ அந்த ஊர்தானே, நீயே பேசு’ என்று அந்தப் பிள்ளையை எழுப்பிவிடுவது பெரிய கொடுமை. பலர் இங்கேயே பிறந்தவர்கள். அவர்களாக முன்வந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மற்றவர்களோடு ஒருவராக இருக்கட்டும். போர் பற்றி நம் பிள்ளைகள் கேள்வி அனுப்பவும் கூடாது. அங்கிருந்து யாராவது தானாகச் சொன்னால் படிக்கலாம், நன்றி எழுதலாம், மேலே தோண்ட வேண்டாம்.

மூன்றாம் மாதத்தில் நேரலை வைக்கலாம், 40 நிமிடம் போதும். ஹைடெக் லேபில் மின்விசிறியை நிறுத்தி, ஒரே மைக்கைக் கைமாற்றிப் பேச வேண்டும், பக்கத்தில் இன்னொரு போன் ஓடினால் எதிரொலி கொல்லும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் மலசலகூடம் என்பார்கள், நம் பிள்ளைகள் பாத்ரூம் என்பார்கள். இரண்டு நிமிடம் சிரிக்க விட்டுவிட்டால் கூச்சம் போய்விடும்.

தாழ்ப்பாள் மாட்டி நான்கு வாரம் கழித்து அதே பாட்டில், அதே கோடு, அதே ஒரு வாரம். குறையாமல் வந்த பாட்டில்களையும் மறைக்காமல் எழுதி அனுப்பச் சொல்லுங்கள், அவற்றைப் பற்றித்தான் அங்கிருந்து அடுத்த கேள்வி வரும். ஏப்ரலில் அந்த நோட்டை ஒன்பதாம் வகுப்பு எட்டாம் வகுப்பின் கையில் கொடுத்துவிட வேண்டும். ஜூனில் புதிதாக வருபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, போல்ட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று.