கழுகின் அலகு: மார்ச் நாட்குறிப்பு

மார்ச் 4

ஃபிலடெல்ஃபியா கலை அருங்காட்சியகத்தில் இன்றும் ஃபிளெமிஷ் ஓவியர் ரூபன்ஸின் புரோமிதியஸ் முன்னால்தான் நெடுநேரம் நின்றேன். கிரேக்கப் புராணத்தில் நெருப்பைத் திருடியதற்காகத் தண்டிக்கப்பட்டவன் அவன். ஏறத்தாழ எட்டடி உயரமுள்ள திரையில், காக்கசஸ் மலைப் பாறைமேல் தலை கீழும் கால்கள் மேலுமாகச் சரிந்து கிடக்கிறான். கழுகு ஒரு காலை அவன் முகத்தில், கண்ணை ஒட்டி ஊன்றிக்கொண்டு, விலாவிலிருந்து ஈரலை இழுக்கிறது. மற்றொரு கண் திறந்திருக்கிறது. அது கழுகையே பார்க்கிறது.

மார்ச் 5

என் ஈரலின் ஒரு பகுதி அண்ணனுக்குப் பொருந்துமா என்ற சோதனையின் முடிவு இன்னும் வரவில்லை.

மார்ச் 7

கழுகை வரைந்தவர் ரூபன்ஸ் அல்லர் என்பது என் மனத்தை விட்டு அகல மறுக்கிறது. 1618-இல் தி ஹேக் நகரில் இங்கிலாந்தின் தூதராக இருந்த டட்லி கார்ல்டனிடம் பழஞ்சிற்பங்களைப் பெற்றுக்கொண்டு ஈடாக ஓவியங்கள் தர முன்வந்தபோது, படம் தம் கையால் ஆனது, கழுகு மட்டும் ஸ்னைடர்ஸ் வரைந்தது என்று ரூபன்ஸ் ஒளிவுமறைவின்றி எழுதி, 500 ஃப்ளோரின் என்று விலையும் குறித்தார். விலங்குகளையும் பறவைகளையும் வரைவதில் ஆன்ட்வெர்ப்பில் பெயர்பெற்றவர் ஸ்னைடர்ஸ். இக்கழுகுக்காக அவர் வரைந்த முன்வரைவு லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆகவே, அலகு தசையைத் தொடும் இடத்தில் ஒருவருடைய தூரிகை நின்று மற்றவருடைய தூரிகை தொடர்ந்திருக்க வேண்டும். அந்த எல்லையை இன்று தேடித் தேடிப் பார்த்தேன், கண்ணுக்குப் பிடிபடவில்லை. ஒருவர் உடம்பு இன்னொருவர் கையை இவ்வளவு முழுமையாக ஏற்றுக்கொள்ளும் என்றால் எனக்கு அதில் பெரிய ஆறுதல் இருக்கிறது.

மார்ச் 8

"ஏம்மா, அந்தப் படத்தையே ஏன் போய்ப் பார்க்கிறாய்?" என்று அண்ணன் கேட்டான். அவன் குரல் மிகவும் மெலிந்திருந்தது. பதில் சொல்ல முடியாமல் கோபித்துக்கொண்டேன்.

மார்ச் 11

பகலில் கழுகு தின்ற அளவு இரவில் வளர்ந்துவிடும் என்கிறார் பண்டைய கிரேக்கக் கவிஞர் ஹெசியோடு. மருத்துவரிடம் இதைக் கேட்டேன். வெட்டியெடுத்த ஈரல் மடல் மறுபடி முளைப்பதில்லை. எஞ்சியிருக்கும் பகுதிதான் பெருத்து, சில வாரங்களில் தொடங்கிச் சில மாதங்களுக்குள் பழைய அளவை நெருங்குகிறது, வடிவம் மட்டும் பழையபடி ஆகாது என்றார். கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் இரண்டு பக்கமும் வளரும். புராணத்தில் ஓர் இரவு, இங்கே மாதங்கள். அந்த மாதங்களை அண்ணன் தாங்குவானா என்பதைத் தவிர வேறு எதையும் இன்று என்னால் நினைக்க முடியவில்லை.

மார்ச் 12

தூக்கம் இல்லை.

மார்ச் 13

மைக்கலாஞ்சலோ 1532-இல் கருப்புச் சுண்ணக்கட்டியால் வரைந்த டிட்டியஸின் அச்சுப்படியைப் பார்த்தேன். புரோமிதியஸைப் போலவே ஈரலைப் பறவை தின்னும் தண்டனை பெற்ற கிரேக்கப் புராண அரக்கன் டிட்டியஸ். அவனும் பாறையில் கிடக்கிறான், பறவை அவன்மேல் கவிந்திருக்கிறது. ஆனால் உடல் முழுமையாக, அழகாக இருக்கிறது. இத்தாலிய ஓவியர் டிஷியன் அதே டிட்டியஸை இருளுக்குள் கிடத்தினார். இருவரிடமும் ரூபன்ஸ் கற்றுக்கொண்டார் என்பது தெளிவு. ஆயினும், வலிக்கும்போது விழித்திருந்து, தன்னைக் கிழிப்பதை நேருக்கு நேர் பார்க்கும் அந்தக் கண்ணுக்காகவே எனக்கு ரூபன்ஸ் மற்ற இருவரையும்விடப் பெரியவராகத் தோன்றுகிறார். என்னை மயக்கத்தில் ஆழ்த்துவார்கள், நான் எதையும் பார்க்கப்போவதில்லை. அதற்காக நன்றியும் உண்டு, ஏனோ வெட்கமும் உண்டு.

மார்ச் 15

பொருந்துகிறது! அண்ணி அழுதுகொண்டே சொன்னார்.

மார்ச் 16

இடது கீழ் மூலையில் ஒரு தீப்பந்தம் எரிந்துகொண்டிருப்பதை முன்பே பார்த்திருந்தாலும் இன்றுதான் அதனருகே நின்றேன். அவன் திருடிய நெருப்பு அது. புராணத்தில் அவனை மீட்கும் வீரன் ஹெராக்ளிஸ் வந்து கழுகைக் கொல்வது இந்தப் படத்தில் இல்லை. வருவான் என்பதற்கு அடையாளமும் இல்லை. ஆனாலும் தீயை அணைந்ததாக ரூபன்ஸ் வரையவில்லை. அண்ணனிடம் இதைத் தொலைபேசியில் விரிவாகச் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கழுகின் இறகுகள் என்ன நிறம் என்று விசாரித்தான். பழுப்பு என்றேன், நாளை சரியாகப் பார்த்துச் சொல் என்றான். நாளை காலை இரத்தம் எடுக்க வரச் சொல்லியிருக்கிறார்கள், அது முடிந்ததும் போவேன்.