பாம்பு பிடிக்கத் தெரியாத இருளர் சான்றிதழ் வாங்கிய கதை

சாதிச் சான்றிதழுக்கு, பட்டியல் சாதி என்றால் வட்டாட்சியர் கையெழுத்துப் போதும். பழங்குடி என்றால் கோட்டாட்சியர் விசாரித்துத்தான் சான்றிதழ் தரவேண்டும். போலிகள் பெருகியதால் வந்த கெடுபிடி இது, அதைக் குறை சொல்ல மாட்டேன். விசாரிக்கிற விதம்தான் வேடிக்கை.

இ-சேவை மையத்தில் பதிந்து, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று கோப்பு நகர்ந்த பிறகு அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். முதல் கேள்வியே, "பாம்பு பிடிப்பியா?"

"தெரியாது சார், பாலிடெக்னிக்ல சேரணும்."

"அப்புறம் என்ன இருளர்?"

இருளர் பரம்பரையாகப் பாம்பு பிடித்தவர்கள்தான். ஆனால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு பாம்புத்தோல் வியாபாரம் படுத்துவிட்டது. 1978ல் மாமல்லபுரம் பக்கத்து வடநெம்மேலியில் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில், விஷம் எடுக்க அனுமதி பெற்றவர்கள் பிடிக்கிறார்கள். நான் பிடித்தால் குற்றம். பிடிக்கத் தெரியாவிட்டால் இருளர் இல்லை!

ஒரு சமூகத்தைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்க, 1965ல் மத்திய அரசு அமைத்த லோகூர் குழு சொன்ன அடையாளங்களைத்தான் இன்னும் பார்க்கிறார்கள்: தொன்மைக் கூறுகள், தனிப் பண்பாடு, ஒதுங்கிய வாழிடம், வெளியாரிடம் பழகக் கூச்சம், பின்தங்கிய நிலை. இருளர் ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறோம். அதே அளவுகோலைத் தனி ஆள்மேல் வைத்தால், கூச்சப்படாமல் பதில் சொல்வதே எனக்கு எதிராகப் போய்விடுகிறது.

நல்லவேளை, அடுத்து வந்த அலுவலர் நேரில் பார்க்கிறேன் என்று வீட்டுக்கே வந்தார். "எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க?" என்று கேட்டார். ஏரிப் புறம்போக்குதான், பட்டா கிடையாது, காட்ட ஒரு காகிதமும் இல்லை. அத்தை அவரைக் கரைமேல் கூட்டிக்கொண்டு போய், "இங்க எங்க மாமனாரு. அந்த வேலிகாத்தானுக்குக் கீழ அவரோட அம்மா" என்று புதைத்த இடங்களை ஒவ்வொன்றாகக் காட்டியது. அப்புறம் மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் கூடுவது, மணலில் கன்னியம்மனுக்குப் படி கட்டுவது, அங்கேயே தாலி கட்டிக்கொள்வது, யார் யாருக்கு முறை, யாருக்கு ஆகாது என்று விடாமல் பேசியது. அவர் நின்றபடியே எழுதிக்கொண்டார். என்னைக் கேட்டிருந்தால் பாதிகூடச் சொல்லியிருக்க மாட்டேன்.

விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கு ஒன்று: அப்பா வழி ரத்த உறவில் யாரிடமாவது சான்றிதழ் இருந்தால் முதலில் அதன் நகலை வையுங்கள். எனக்குப் பெரியப்பாவுடையது கிடைத்தது, கோப்பு அசைந்ததே அதற்கப்புறம்தான். வழக்காறு தெரியுமா என்ற சோதனையை மட்டுமே உரைகல்லாக வைக்கக் கூடாது என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. இதையும் மரியாதையாக எடுத்துச் சொல்லலாம்.

போன மாதம் தங்கைக்கு விண்ணப்பித்தோம், என் சான்றிதழை இணைத்து. அவளிடம் யாரும் பாம்பைப் பற்றிக் கேட்கவில்லை.