கூட்டத்துக்கு முன்பே முடியும் பேச்சு

ஜப்பானில், நாகோயாவிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம் தள்ளி, கார்களுக்கு சென்சார் செய்யும் தொழிற்சாலையில் எனக்கு வேலை. ஸ்ரீபெரும்புதூரில் ஏழு வருடம் லைனில் நின்றவன் என்பதால் இயந்திரங்கள் புதிதில்லை. வேலை நடக்கும் விதம்தான் புதிது.

காலையில் ஸ்பீக்கரில் பியானோ ஒலித்ததும் மேலாளர் முதல் ஒப்பந்தத் தொழிலாளி வரை எல்லோரும் உடற்பயிற்சி செய்வார்கள். 1928-இல் வானொலியில் தொடங்கிய பழக்கம் அது. முதல் வாரம் கூச்சமாக இருந்தது, அப்புறம் பழகிவிட்டது.

பழகாதது கூட்டம். சேர்ந்த நான்காம் மாதம், சர்க்யூட் போர்டில் பாகங்களைச் சூட்டில் பற்றவைக்கும் ரீஃப்ளோ ஓவனின் வெப்ப அமைப்பை மாற்றினால் ரிஜெக்ஷன் குறையும் என்று இரண்டு வாரக் கணக்கோடு போய்ப் பேசினேன். யாரும் மறுக்கவில்லை. 'கென்தோ ஷிமாஸ்' என்றார் பிரிவுத் தலைவர். பரிசீலிக்கிறோம் என்று அர்த்தம். சரி, ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு மாதம் ஆகியும் ஒன்றும் நடக்கவில்லை.

கடைசியில் மூத்தவர் ஒருவர் காபி இயந்திரத்தின் பக்கத்தில் கேட்டார்: "கூட்டத்துக்கு முன்னால் யார் யாரிடம் பேசினீர்கள்?" யாரிடமும் பேசவில்லை. அவர்தான் 'நெமவாஷி' என்ற சொல்லைச் சொன்னார். ஒரு மரத்தை இடம் மாற்றி நடுவதற்கு முன் வேரைச் சுற்றித் தோண்டிப் பக்குவப்படுத்தும் தோட்டவேலையின் பெயர் அது. கூட்டத்துக்கு முன்பே ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசிவைப்பதற்கும் அதே பெயர்தான்.

பராமரிப்புப் பிரிவில் நரைத்த தலையோடு ஒருவர் இருப்பார். முதலில் அவரிடம் போனேன். தாளைப் பார்த்த உடனேயே சொன்னார், ஒவ்வொரு மாடல் மாற்றத்துக்கும் ஓவன் சூடு நிலைக்க இருபது நிமிடம் போய்விடும் என்று. என் கணக்கில் அந்த இருபது நிமிடமே இல்லை! ஒரே சூடு தேவைப்படும் மாடல்களை அடுத்தடுத்து ஓட்டும்படி அட்டவணையை மாற்றினேன். தரப் பிரிவு, லைன் லீடர் என்று ஒவ்வொருவராகப் பார்த்தேன். அடுத்த கூட்டம் ஐந்தே நிமிடம். இப்படி ஒவ்வொருவராகப் பார்த்துப் பேசுவதை மெத்தனம் என்று சொல்பவர்கள் உண்டு. நானும் சொல்லியிருக்கிறேன், இப்போது சொல்வதில்லை.

இன்னொன்றும் எனக்குப் பிடித்துப்போனது. ஒருமுறை தவறான புரோகிராமைப் போட்டு நாற்பது போர்டுகள் வீணாயின. நடுங்கிக்கொண்டே போய்ச் சொன்னேன். "உடனே சொன்னதற்கு நன்றி" என்றார் லீடர். அப்புறம்தான் ஏன், ஏன் என்று ஐந்து முறை கேட்டார். ஐந்தாவது பதிலில் தெரிந்தது, இரண்டு புரோகிராம்களின் பெயரிலும் ஒரு எழுத்துதான் வித்தியாசம். அன்று மாலையே பெயரை மாற்றினார்கள். பழைய இடத்தில் லைன் நின்றால் முதல் கேள்வி 'யார்?' என்பதாகத்தான் இருக்கும்.

ஆனால் மாலை ஐந்து மணியை என்னால் ஏற்க முடியவில்லை. பிரிவுத் தலைவர் எழாமல் யாரும் எழமாட்டார்கள். சிலர் கார்டைப் பதிந்துவிட்டு மறுபடி இருக்கைக்கு வருவார்கள். சம்பளமில்லாத இந்த உழைப்புக்கு 'சேவை மிகைநேரம்' என்று பெயர் வேறு. சாதாரணமாக மாதம் 45 மணி நேரம், வருடம் 360 மணி நேரத்துக்கு மேல் மிகைநேரம் கூடாது என்ற சட்டவரம்பு பெரிய நிறுவனங்களுக்கு 2019 ஏப்ரலிலேயே வந்துவிட்டது. பதிவில் ஏறாத நேரத்தை எந்தச் சட்டம் எண்ணும்? இது தவறு, பழக்கம் என்று சொல்லி மூடிவைக்கக் கூடாத தவறு.

காப்பகத்தில் கடைசிக் குழந்தையாக என் மகள் பையை மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்தபடி நின்ற நாளில் முடிவெடுத்தேன். அதற்கும் நெமவாஷிதான். பக்கத்து இருக்கைக்காரர், லீடர், கடைசியில் தலைவர் என்று தனித்தனியாகப் பேசினேன். புதன், வெள்ளி ஐந்து மணிக்குக் கிளம்புவேன், காலையில் வேலையை முடித்துத் தருவேன் என்றேன். தலைவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, காப்பகம் எத்தனை மணிக்கு மூடும் என்று மட்டும் கேட்டார்.

முதல் புதன்கிழமை எழுந்து நின்று, 'ஒஸாகி நி ஷித்ஸுரேய் ஷிமாஸ்' என்றேன். உங்களுக்கு முன்னால் போகிறேன், மன்னியுங்கள் என்று பொருள். குரல் நடுங்கியது. "ஒத்ஸுகாரே", உழைப்புக்கு நன்றி என்பதுபோல, நாலைந்து பேர் தலை நிமிராமலே பதில் சொன்னார்கள்.

போன புதன்கிழமை லாக்கர் அறையில் இன்னொருவரும் ஷூ மாற்றிக்கொண்டிருந்தார். அவர் பையனும் அதே காப்பகத்தில்தான் இருக்கிறான்.