சாவியைப் பூட்டு என்றவர்

மூளை அறுவை சிகிச்சைக்கு முன், மொழி மூளையின் எந்தப் பாதியில் இருக்கிறது என்று பார்ப்பதுதான் வாடா டெஸ்ட். அந்த நாளில் என் கையில் இருப்பது ஒரு கட்டுப் படஅட்டைகளும் ஒரு ஸ்டாப்வாட்சும்தான். ஆஞ்சியோ மேஜையில் படுத்திருப்பவர் நன்றாக விழித்திருப்பார். தொடை இடுக்கு வழியாகப் போன கதீட்டர் என்ற மெல்லிய குழாய் கழுத்து ரத்தக்குழாயில் நிற்கும். இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்வோம். அமோபார்பிட்டால் என்ற தூக்க மருந்து உள்ளே போன சில விநாடிகளில் எதிர்ப்பக்கக் கை தொப்பென்று விழும். மூளையில் ஒரு பாதி தூங்கிவிட்டது. மீதிப் பாதிக்குப் பேசத் தெரியுமா என்று பார்க்க எனக்குச் சில நிமிடங்கள்தான். 1949-இல் ஜூன் வாடா எழுதிவைத்த முறை இது.

இப்போது பெரும்பாலானவர்களுக்கு ஃபங்ஷனல் எம்ஆர்ஐ போதும். ஆனால் பேசும்போது எந்த இடம் வேலை செய்கிறது என்றுதான் அது காட்டும். அந்த இடம் இல்லாமல் பேச முடியுமா என்று சொல்லாது. மூளையில் கத்தி வைக்கப்போகிற சர்ஜனுக்கு வேண்டியது இரண்டாவது கேள்விக்கான பதில். அதனால் குழப்பமானவர்கள் மட்டும் எங்களிடம் வருகிறார்கள்.

சேர்ந்த புதிதில், நோயாளி பேசவில்லை என்றால் மொழி மருந்து போன பக்கம் என்று எழுதிவிடுவேன். ஒருமுறை இடது பக்கம் மருந்து போனபின் நோயாளியின் வலப்பக்கம் நின்று படம் காட்டினேன். பதிலே இல்லை. பேனாவை எடுத்தபோது சீனியர் சொன்னார்: “அவருக்குப் படமே தெரியாதும்மா. இந்தப் பக்கம் வந்து காட்டுங்க.” பாதி மூளை உறங்கும்போது எதிர்ப்பக்கப் பார்வையும் போகலாம். பாடத்தில் படித்ததுதான், அந்த நேரத்தில் மண்டையில் ஏறவில்லை.

அப்புறம் அந்த இளைஞர். இடதுகைப் பழக்கம்; கைக்குழந்தையாக இருந்தபோதே மூளையின் இடப்பக்கத்தில் அடி. இடதுகைக்காரர்களிலும் பத்தில் ஏழு பேருக்கு மொழி இடப்பக்கம்தான். ஆனால் சின்ன வயதிலேயே அங்கே சேதம் வந்தால் மொழி வலப்பக்கம் குடிபோய்விடுவதுண்டு.

இடப்பக்க ஊசியில் வலக்கை விழுந்தது. எண்ணிக்கை ஏழில் நின்றது. அவசரப்படாமல் காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் குழறிக் குழறிப் பேசினார். வாய்தான் குழறியது, சொல் தப்பவில்லை: சாவி, சீப்பு, கடிகாரம்.

மருந்தின் வேகம் முழுதும் தீர்ந்தபின் வலப்பக்கம். இடக்கை விழுந்தது. எண்ணிக்கை நின்று, மறுபடி தொடங்கியது. பக்கத்திலிருந்த நர்ஸ் முகத்தில் நிம்மதி. எனக்கு இல்லை; எண்கள் மனப்பாடச் சரக்கு, சீக்கிரம் திரும்பிவிடும். சாவியைக் காட்டினேன். “பூட்டு.” சீப்பைக் காட்டினேன். “சீட்டு… சீட்டு.” உச்சரிப்பு கண்ணாடி மாதிரித் தெளிவு. மொழி வலப்பக்கம் என்று எழுதினேன்.

மாலையில் வார்டில் பார்த்தபோது சாவிப் படத்தை நீட்டி, காலையில் இதை என்னவென்று சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“சாவின்னுதான் சொன்னேன் மேடம். நீங்கதான் எதுக்கோ திரும்பத் திரும்பக் காட்டினீங்க.”