மாமாவின் நெல்லுக் கணக்கு

களுவாஞ்சிகுடியில் மாமாவின் நெல் மில் கணக்கெல்லாம் மைக்ரோசொஃப்ட் அக்சஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் இருந்தது. ஒரு அக்சஸ் கோப்பு 2 ஜிபியைத் தாண்டாது. எங்களுடையது அதை நெருங்கிவிட்டது. பெரும்போக அறுவடைக்கு முன்பே போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற இன்னொரு தரவுத்தளத்துக்கு மாற்றினேன். 1986இல் பெர்க்லியில் தொடங்கிய திட்டத்தின் வழி வந்த திறந்த மூல மென்பொருள் அது. உரிமக் கட்டணம் கிடையாது.

எண்கள் ஒரே இரவில் ஏறிவிட்டன. பெயர்கள்தான் பாடுபடுத்தின. எல்லாம் பாமினி எழுத்துருவில் அடித்தவை. பாமினியில் கொம்பை முதலில் அடித்து, பிறகுதான் எழுத்தை அடிப்பார்கள். புதியதில் பெயர்களை யூனிகோடில், அதாவது எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டில், வைக்க நினைத்தேன். அதில் எழுத்துக்குப் பின்னால்தான் கொம்பு வரும். ‘கொ’, ‘கோ’ வந்தால் இன்னும் கஷ்டம். மூன்று இரவு அதற்கே போனது.

அப்புறம் மாமாவைக் கூப்பிட்டு, “ஊர்ப்பெயரை அடிச்சுப் பாருங்க மாமா” என்றேன். ‘வெல்லாவெளி’ என்று அடித்தார். அந்த ஊர் விவசாயிகள் அத்தனை பேரும் வரிசையாகத் திரையில் வந்தார்கள்.