97.5 கிலோ ஏறுகிறது, 100 மட்டும் ஏன் ஏறவில்லை?

பாரை, அதாவது எடை மாட்டிய இரும்புக் கம்பியை, தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டில் 97.5 கிலோ வேகம் குறையாமல் எழுகிறது. அடுத்த வாரம் 100 ஏற்றியதும், பாரைத் தாங்கி நிற்கும் ரேக்கிலிருந்து எடுக்கும்போதே மார்பு தொங்குகிறது. பின்னால் இரண்டடி வைக்க வேண்டிய இடத்தில் ஐந்தடி வைக்கிறோம். இறங்கும் வேகம் பாதியாகிறது. பாதி ஆழத்திலேயே திரும்பி எழப் பார்க்கிறோம், இல்லாவிட்டால் அடியில் போய் அப்படியே உட்கார்ந்துவிடுகிறோம். ஒரு பக்கத்துக்குக் கூடியது 1.25 கிலோ. இந்தத் தடையைத் தன்னம்பிக்கைப் பேச்சால் உடைக்கச் சொல்பவர்கள் ஏராளம். அதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. பெரும்பாலும் இந்தப் பயத்துக்குக் காரணம் ஒன்றுதான்: தூக்க முடியாமல் போனால் என்ன ஆகும் என்பது உடம்புக்குத் தெரியாது. அதைப் பாருக்கு அடியில்தான் சொல்லிக்கொடுக்க முடியும்.

அதற்கு முன்னால் ஒரு சோதனை. உண்மையிலேயே வலு போதவில்லையா, மனம்தான் மறிக்கிறதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பக்கவாட்டிலிருந்து, இடுப்பு உயரத்தில் கேமரா வைத்து வீடியோ எடுங்கள். வலு போதாமல் தோற்கும் ரெப்பில் (ஒரு முறை இறங்கி எழுவது ஒரு ரெப்) போராட்டம் தெரியும்: பார் மேலே வரும், ஓர் இடத்தில் மெதுவாகும், நிற்கும், பிறகு இறங்கும். எத்தனை முறை எடுத்தாலும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் மாட்டும். மனத்தடையில் அந்தப் போராட்டமே இருக்காது. இறக்கம் வழக்கத்தைவிட மெதுவாக இருக்கும், அடியில் இறுக்கம் கழன்றுவிடும், ஒரு விநாடிகூடத் தள்ளாமல் கைவிட்டிருப்பீர்கள்.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். ஒரே ஒரு ரெப்பில் அதிகபட்சம் எவ்வளவு தூக்க முடியும் என்று மதிப்பிடும் எப்லி சூத்திரம் எளிது: ரெப் எண்ணிக்கையை 30ஆல் வகுத்து, 1ஐக் கூட்டி, எடையால் பெருக்க வேண்டும். 90 கிலோவில் 5 ரெப் சுத்தமாக வந்தால் 105 வரும். அப்படியானால் 100 உங்கள் கைக்குள் இருக்கும் எடைதான். 80 கிலோவில் 5 என்றால் 93 சொச்சம். இங்கே தடை மனதில் இல்லை, இன்னும் சில மாதப் பயிற்சி பாக்கி. 10 ரெப்புக்கு மேல் போனால் இந்தச் சூத்திரத்தை நம்ப வேண்டாம். மூட்டில் கூர்மையான வலி இருந்தாலும் அது மனத்தடைக் கணக்கில் வராது. அங்கே பயப்படுவதுதான் சரி.

முதலில் தோற்கக் கற்றுக்கொள்ளுங்கள்

பல வருடம் ஸ்குவாட் செய்தவர்களில்கூட நிறையப் பேர் பாரை, அது விழாமல் தாங்க ரேக்கின் இரு பக்கமும் இருக்கும் பாதுகாப்புக் கம்பியில் வேண்டுமென்றே இறக்கிப் பார்த்ததில்லை. முதல் தடவை அது நடப்பது அதிகபட்ச எடையில் என்றால் உடம்பு மறுக்கத்தான் செய்யும்.

வெறும் பாரோடு உங்கள் முழு ஆழத்துக்கு இறங்கி நில்லுங்கள். பார் நிற்கும் உயரத்துக்கு 3 முதல் 5 சென்டிமீட்டர் கீழே இரண்டு பக்கமும் கம்பி வர வேண்டும். அதற்கு மேலே வைத்தால் நல்ல ரெப்பிலும் இடிக்கும். ரொம்பக் கீழே வைத்தால் கம்பி பாரைத் தாங்குவதற்குள் முதுகு மடங்கிவிடும். பிறகு உங்கள் அதிகபட்சத்தில் 50 சதவீதம் ஏற்றி இறங்குங்கள். எழ முயலாதீர்கள். மார்பை நிமிர்த்தியபடி இன்னும் கொஞ்சம் உட்காருங்கள். கம்பி பாரை வாங்கிக்கொள்ளும். முன்பக்கமாகக் குனிந்து வெளியே வாருங்கள். மூன்று தடவை செய்தபின் 70 சதவீதத்தில் ஒரு தடவை. இதில் வழக்கமாக நடக்கும் தவறு, பயத்தில் முன்னால் சாய்வது. அப்படிச் சாய்ந்தால் பார் கழுத்துப் பக்கம் உருளும். உடலை நிமிர்த்தி நேராகக் கீழே இறங்குவதுதான் வழி. ரேக் இல்லாமல் பாரைப் பின்னால் போடும் முறை ரப்பர் பிளேட்டுகளுக்கு (பாரில் மாட்டும் எடைத் தட்டுகளுக்கு) மட்டும். இரும்பு பிளேட்டோடு அதைச் செய்தால் பாரும் வளையும், தரையும் உடையும்.

பெஞ்சில் படுத்துப் பாரை மார்பிலிருந்து மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ்ஸில் இன்னும் நுணுக்கமாகப் பார்க்க வேண்டும். முதுகை வளைத்துப் படுத்த நிலையில் பார் மார்பைத் தொடும்போது கம்பி அதற்கு 1 அல்லது 2 சென்டிமீட்டர் கீழே இருக்கட்டும். மேலே தள்ள முடியாதபோது முதுகைத் தட்டையாக்கினால் மார்பு தாழும், பார் கம்பியில் தங்கும். கம்பி கழுத்தையும் காக்கும் உயரத்தில் இருக்கிறதா என்று வெறும் பாரை வைத்தே உறுதிசெய்துகொள்ளுங்கள். கம்பியும் இல்லை, ஆளும் இல்லை என்றால் அன்றைக்கு அதிகபட்சம் எடுக்க வேண்டாம். கட்டைவிரலைப் பாரைச் சுற்றிக் கொடுக்காத பிடி எந்த எடையிலும் வேண்டாம்.

தூக்க முடியாமல் போனால் பாரைப் பிடிக்கும் துணையாள், அதாவது ஸ்பாட்டர், நிற்கிறார் என்றால் பேச்சு முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும்: எத்தனை ரெப், பாரை எடுத்துக் கொடுக்க வேண்டுமா, எப்போது தொடலாம். என் சிபாரிசு, "பார் கீழே இறங்க ஆரம்பித்தால் மட்டும் தொடு." மெதுவானதுமே விரல் வைக்கும் ஸ்பாட்டர் நல்லெண்ணத்தோடு கெடுதல் செய்கிறார். தூக்கியது நீங்களா அவரா என்று கடைசிவரை தெரியாது, அடுத்த தடவை சந்தேகம் இன்னும் பெரிதாகிவிடும். கனமான ஸ்குவாட்டுக்குப் பின்னால் ஓர் ஆள் போதாது. பக்கத்துக்கு ஒருவராக இருவர் நிற்க வேண்டும், இருவரும் ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டும். ஒருவர் மட்டும் முந்தினால் இடுப்பு முறுக்கிக்கொள்ளும்.

பாரைத் தரையிலிருந்து இடுப்புவரை தூக்கி நிமிரும் டெட்லிஃப்ட்டின் கதை வேறு. பாருக்கு அடியில் மாட்டிக்கொள்ளும் ஆபத்து அதில் இல்லை, ஆனாலும் தடை வரும். காரணம், கனமான பார் தரையை விட்டுக் கிளம்பவே ஒன்றிரண்டு விநாடி எடுக்கும். அந்த ஒரு விநாடியை "வரவில்லை" என்று எடுத்துக்கொண்டு கையை விட்டுவிடுகிறோம். முதலில் பாரை மெதுவாக மேல்நோக்கி இழுத்து, அது பிளேட் துளையின் மேல் விளிம்பில் முட்டும் சத்தம் வரும்வரை தளர்வை எடுங்கள். அங்கிருந்து காலால் தரையை அழுத்தி, மனதுக்குள் மூன்று எண்ணும்வரை விடாதீர்கள். முதுகு வளைய ஆரம்பித்தால் மட்டும் எண்ணாமலே விட்டுவிடலாம்.

எடையைத் தோளுக்குப் பழக்குவது

ரேக்கிலிருந்து எடுத்ததுமே "ஐயோ, கனம்" என்று தோன்றுகிறவர்களுக்கு, பாரை எடுத்து நிற்பது மட்டுமே ஒரு பயிற்சி. அன்றைய முக்கிய செட்டுகள் (ஓய்வில்லாமல் தொடர்ந்து செய்யும் ரெப்களின் சுற்றுகள்) முடிந்தபின் அதிகபட்சத்தில் 105 முதல் 110 சதவீதம் ஏற்றுங்கள். நிற்கும் உயரத்துக்கு 5 சென்டிமீட்டர் கீழே கம்பி இருக்கட்டும். மூச்சை வயிற்றில் அடக்கி, பாரை எடுத்து, இரண்டு எட்டு பின்னால் வந்து, 8 முதல் 10 விநாடி நின்று திரும்ப வைக்கவும். இரண்டு அல்லது மூன்று செட், வாரம் ஒரு நாள். 120 சதவீதத்துக்கு மேல் போவதில் லாபம் இல்லை. முட்டியைக் கொஞ்சம் மடக்கிக் கால்வாசி ஸ்குவாட்டாக மாற்றும் ஆசை வரும். அதற்கு இடம்கொடுக்க வேண்டாம். மூன்று நான்கு வாரத்தில் 100 கிலோ தோளில் உட்காரும்போது கனமாகத்தான் இருக்கும், ஆனால் புதிதாக இருக்காது.

பயம் அடிப்பகுதியில் என்றால் இது உதவாது. அதற்கு நிறுத்தி எழும் ஸ்குவாட்தான்: 70 முதல் 75 சதவீதத்தில் 3 ரெப், அடியில் முழு 3 விநாடி, 4 செட். அடியில் இறுக்கமாக உட்கார முடிந்தவருக்கு அந்த இடத்தில் அவசரம் இருக்காது.

எண் செய்யும் தொல்லை

100, 140, 180 ஆகிய எண்களில் ஏன் இத்தனை பேர் மாட்டுகிறார்கள்? 20 கிலோ பாரில் ஒரு பக்கத்துக்கு 20 கிலோ பிளேட் இரண்டு, மூன்று, நான்கு என்று ஏறும் இடங்கள் அவை. கண்ணுக்கு முழுமையாகத் தெரியும் எண் மனதில் பெரிதாகிவிடுகிறது. 1979இல் வெளியான ஓர் ஆய்வில், பாரில் இருப்பது உண்மையைவிடக் குறைந்த எடை என்று நம்பியபோது பங்கேற்றவர்கள் கூடுதலாகத் தூக்கினார்கள். அதற்கும் முன்னால், 1961இல், மிச்சியோ இக்காயும் ஆர்தர் ஸ்டெய்ன்ஹாஸும் முழங்கை மடக்கும் வலுவை அளந்தபோது, எதிர்பாராத துப்பாக்கிச் சத்தமும் சோதனைக்கு வந்தவர் தானே போடும் கூச்சலும் வலுவைக் கூட்டின. அந்த விநாடியில் தசை வளர்ந்துவிடவில்லை. இருந்த வலுவின்மேல் இருந்த பிடி தளர்ந்தது, அவ்வளவுதான்.

இதை வைத்துச் சின்னச் சின்ன ஏமாற்று வேலைகள் செய்யலாம். 100ஐ 20+20 என்று ஏற்றாமல் 25+15 என்று ஏற்றிப் பாருங்கள், பார் வேறு மாதிரித் தெரியும். அரை கிலோ பிளேட் இருந்தால் 98.5, 99.5, 100.5 என்று ஊர்ந்து போகலாம். 100 என்ற எண்ணையே தொட வேண்டாம். நம்பிக்கையான கூட்டாளி இருந்தால் அவரையே ஏற்றச் சொல்லிவிட்டுப் பிளேட்டைப் பார்க்காமல் தூக்கலாம். அதற்கும் எல்லை உண்டு: அன்றைய திட்டத்துக்கு மேல் 2.5 கிலோவைத் தாண்டக் கூடாது என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். விளையாட்டாக 10 கிலோ கூட்டி ஏற்றுகிறவரோடு இந்த வேலையே வேண்டாம்.

அன்றைய வார்ம்அப்பும் இதில் சேரும். 100க்கு நான் சொல்லும் வரிசை: 20 கிலோவில் 10 ரெப், 40இல் 5, 60இல் 4, 75இல் 2, 85இல் 1, 92.5இல் 1, பிறகு 100. 85 வரை இரண்டு நிமிட ஓய்வு போதும்; 92.5க்கு முன்னும் பின்னும் நான்கு நிமிடம். அடிக்கடி பார்க்கும் தவறு, 80இல் 5 ரெப், 90இல் 3 ரெப் என்று வார்ம்அப்பிலேயே களைத்துப்போவது. 92.5 கனமாக இருந்தால் 100ஐ அன்றைக்கு விட்டுவிடலாம், ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

பாரை நெருங்கும் விதம் வெறும் பாரிலும் 100இலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். கை வைக்கும் இடம், பாருக்கு அடியில் போகும் கால், மூச்சு, பின்னால் வைக்கும் அடிகள் எல்லாமே. பாரைத் தொட்டதிலிருந்து எடுப்பதுவரை 10 விநாடிக்குள் முடியட்டும். பாருக்கு முன்னால் நின்று யோசிக்க யோசிக்கக் கை குளிரும். மனதில் ஒரே ஒரு கட்டளை போதும். அது உடம்பைப் பற்றி இல்லாமல் வெளியே இருப்பதைப் பற்றி இருந்தால் நல்லது. "முட்டியை வெளியே தள்ளு, மார்பை நிமிர்த்து, இடுப்பைக் கொண்டு வா" என்று மூன்று ஓடுவதைவிட "தரையைத் தள்ளு" வேலை செய்யும். கன்னத்தில் அறைந்துகொள்வது, கத்துவது, அம்மோனியா முகர்வது எல்லாம் டெட்லிஃப்ட்டில் பரவாயில்லை. பாரைத் தரையிலிருந்து ஒரே இழுப்பில் தலைக்கு மேல் கொண்டுபோகும் ஸ்னாட்ச் போல நேரக்கணக்கு முக்கியமான தூக்கில் அதே வெறி காரியத்தைக் கெடுக்கும்.

ஸ்னாட்ச், பாரைத் தரையிலிருந்து தோளுக்குக் கொண்டுவரும் கிளீன் இரண்டிலும் தடைக்கு வேறு முகம்: பார் தொப்புள் தாண்டி வந்துவிடும், ஆள் மட்டும் அதற்கு அடியில் போகாமல் இழுத்துக்கொண்டே நிற்பார். இன்னும் பலமாக இழுப்பது அதற்கு மருந்து இல்லை. உயரமான கட்டைகளின் மேல் பாரை வைத்து, அல்லது இடுப்பு மடிப்பிலிருந்து, 60 முதல் 70 சதவீதத்தில் செய்தால் இழுக்க நேரமே இருக்காது, அடியில் போய்த்தான் ஆக வேண்டும். தோளில் இருக்கும் பாருக்கு அடியில் சட்டென்று இறங்கி, அதைத் தலைக்கு மேல் தாங்கும் ஸ்னாட்ச் பேலன்ஸும் கூடவே வரட்டும். பாரை முன்னாலும் பின்னாலும் பத்திரமாகப் போடுவதை இங்கேயும் குறைந்த எடையில் முதலில் பழக வேண்டும்.

தோற்ற நாளில் எப்போது நிறுத்துவது என்பதையும் முன்பே முடிவுசெய்துகொள்ளுங்கள். ஒரே எடையில் இரண்டு தோல்வி என்றால் மூன்றாவது வேண்டாம். கைவிடுவதையும் உடம்பு பழகிக்கொள்ளும். 90 சதவீதத்துக்கு இறங்கி ஒரு சுத்தமான ரெப் எடுத்து அன்றைக்கு முடியுங்கள். அடுத்த நான்கு வாரம் 90 முதல் 93 சதவீதத்தில் ஒற்றை ரெப்பாக மூன்று செட், ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாத மாதிரி. ஐந்தாவது வாரம் செட்டுகளைப் பாதியாகக் குறைத்து, ஓய்ந்த உடம்போடு மறுபடி ஏற்றலாம்.

காயத்துக்குப் பிறகு வரும் தடைக்கு இந்த அவசரம் ஆகாது. மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ சரி என்று சொன்ன பிறகும் உடம்பு நம்பாது. எந்த ஆழத்தில் காயம் பட்டதோ அதற்கு மேலே உட்காரும்படி ஒரு பெட்டி வைத்து 50 சதவீதத்தில் தொடங்குங்கள். வாரத்துக்கு ஒரு மாற்றம் மட்டும்: ஒன்று எடை 5 கிலோ ஏறலாம், இல்லையென்றால் பெட்டி ஒரு படி தாழலாம். ஒரே வாரத்தில் இரண்டையும் மாற்றினால், கூச்சம் எதனால் வந்தது என்றே தெரியாமல் போகும்.